எட்டு நாளில் பாதி

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டால் பக்கத்துச் சீட்டு காலியாகத் தெரியும், தெரிந்தால் யாராவது வந்து உட்காருவார்கள், உட்கார்ந்தபிறகு எழுந்திரிங்க என்று சொல்ல இவளுக்கு வாய் வராது. அதனால் பை அங்கேயே இருக்கட்டும். சண்முகவடிவு இப்படி முடிவுகட்டுவது இது எத்தனையாவது தடவை என்று அவளுக்கே தெரியாது. வண்டி இன்னும் திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பவே இல்லை. டீ குடிக்கப் போன டிரைவர் போனவர்தான். பையில் என்ன பெரிய சாமான், ஒரு மாற்றுச் சேலை, ஒரு துண்டு, ரெண்டு பாட்டில் தண்ணீர், பழக்க தோஷத்தில் பிள்ளைக்கு என்று வாங்கிவிட்ட கடலை மிட்டாய். இதை வைத்துக்கொண்டு ஓர் ஆள் உட்காருகிற இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறாளே மகராசி என்று நினைக்கமாட்டார்களா? நினைக்கட்டும். காலையில் ஆஸ்பத்திரியில் தைராய்டுக்கு என்று அவள் முழுங்கின மாத்திரைக்குள் இருப்பது அணுக்கதிர் வீசுகிற அயோடின் என்று தெரிந்தால், பக்கத்துச் சீட்டு என்ன, பஸ்ஸையே அவளுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு இறங்கி ஓடுவார்கள். அணு என்ற ஒரு வார்த்தை போதும். அவளும் அப்படித்தானே ஓடப் பார்த்தாள், முதல் நாள் டாக்டர் சொன்னபோது? யம்மா, குண்டுல வைக்கிறதை என் தொண்டைக்குள்ள வைக்கப் போறீங்களா என்று கேட்டாள். டாக்டர் சிரித்தார். டாக்டர்கள் சிரிக்கும்போதுதான் இவளுக்கு ஈரக்குலை நடுங்கும். கடலை மிட்டாயை வாங்கும்போது கை வேர்த்திருந்ததா? காகிதத்துக்கு மேலே பட்டதா, உள்ளேயும் போயிருக்குமா? இதைப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. பிறகு எதற்கு வாங்கினாள்? பை அங்கேயே இருக்கட்டும்.

ஒரு சின்ன மாத்திரை. வெள்ளையும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல் ஒரு நிறம். அதை வைத்திருந்த ஈயச் செப்பு இருக்கிறதே, அதைத் தூக்க அந்த ரெஜினா மேடம் ரெண்டு கையையும் கொடுத்தாள். மேடம் என்ன மேடம், இவளைவிட இளையவள், நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளை, கதிர் அளக்கிற படிப்பு படித்தவள். செப்பைத் திறந்து, நீள இடுக்கியால் மாத்திரையை எடுத்து ஒரு காகிதக் குவளையில் போட்டு, நடுவில் மறைப்பாக நின்ற ஈயத் தட்டிக்கு அடியில் தள்ளி, தட்டிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "முழுங்குங்கக்கா" என்றாள். வடிவுக்கு அங்கேதான் கால் ஒட்டிக்கொண்டது. தொடக் கூடாததை முழுங்கச் சொல்கிறாளே! கையால் தொட்டால் ஆகாது, வயிற்றுக்கு மட்டும் ஆகுமா? "பயப்படாண்டாம்க்கா. உங்களுக்கு இது மருந்து. உங்க கழுத்துல இருக்க சுரப்பி அயோடினுக்கு அலையும். இதை அது சோறுன்னு நினைச்சு இழுத்துக்கிடும். கதிர் உள்ள இருந்தே அதைச் சுட்டுச் சுருக்கிரும். நான் தினமும் பத்துப்பேருக்கு எடுத்துக் குடுக்கிறவ, எனக்கு இது வேண்டாத செலவு, அதான் தள்ளி நிக்கேன்." எல்லாம் விளங்கியது. நன்றாகத்தான் சொன்னாள். விளக்கு வெளிச்சம் ஒருத்தர்மேல் விழுந்தால் அவர் விளக்காகிவிடுவாரா, மாட்டார், வெளிச்சம் ஒட்டாது, அதுதான் கதிர். ஆனால் விளக்கிலிருக்கிற எண்ணெய் சிந்தினால் ஒட்டும். உங்க வேர்வை, எச்சில், மூத்திரம் மூணும் இப்பம் எண்ணெய் மாதிரி, அதுல கவனம். தள்ளி இருந்தால் கதிர் குறையும், பஸ்ஸில் ஒரு கை நீளமாவது விட்டு உட்காரணும், கொஞ்ச நேரம் இருந்தால் குறைவாகப் படும். இதுகூட விளங்கியது. அதற்குப் பிறகு சொன்னாள் பாருங்கள் ஒரு வார்த்தை, அங்கேதான் இவள் மனசு முள்ளில் மாட்டின முந்தானை மாதிரி நின்றுவிட்டது. "இதோட அரை ஆயுள் எட்டு நாள்."

யாரோட ஆயுள்? கேட்டேவிட்டாள். மாத்திரை உள்ளே போய்விட்ட பிறகு கேட்டாள், அதுதான் அவள் புத்தி. அரை ஆயுள் எட்டு நாள் என்றால் முழு ஆயுள் பதினாறு நாள்தானே, கணக்கு சரியாகத்தானே வருகிறது, அப்படியென்றால் ஆடி முடிவதற்குள்... ரெஜினா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அக்கா, உங்க ஆயுள் இல்ல, மருந்தோட ஆயுள். எட்டு நாள்ல அதோட பலம் பாதியாகும். அடுத்த எட்டு நாள்ல அந்தப் பாதியில பாதி. அப்புறம் அதுல பாதி. ஒடம்பும் வெளியேத்திரும், அதனால இன்னும் வெரசாவே குறையும்." அப்பம் எப்பந்தான் தீரும்? "தீரும்னு சொல்ல முடியாது. ஒண்ணுமில்லாத மாதிரி ஆயிரும்." ஒண்ணுமில்லாத மாதிரி! ஒண்ணுமில்லாமல் ஆவது வேறு, ஒண்ணுமில்லாத மாதிரி ஆவது வேறு இல்லையா? மகன் மகிழனுக்கு ஒரு கடலை மிட்டாயைப் பாதியாக உடைத்து, பாதி இப்பம், பாதி நாளைக்கு என்பாள். நாளைக்கு அந்தப் பாதியில் பாதி. அவனுக்கு மூன்று வயசு முடியவில்லை, அவன்கூட முறைப்பான், இது எப்பம்மா தீரும் என்று கேட்கமாட்டான், ஏன் முழுசாத் தரமாட்டேங்க என்று கேட்பான். ஆனால் பாதி பாதியாக உடைத்துக்கொண்டே போனால் கடைசியில் விரல் நுனியில் ஒரு துணுக்கு வெல்லமாவது ஒட்டிக்கொண்டுதானே இருக்கும்? அந்தத் துணுக்கோடு அவள் பிள்ளையைத் தூக்கலாமா? மூன்று வாரம் தூக்க வேண்டாம், கூடப் படுக்க வேண்டாம், ஒரே தட்டில் சாப்பிட வேண்டாம் என்றாள் ரெஜினா. மூன்று வாரம் கழித்து அந்தத் துணுக்கு?

டிரைவர் வந்து ஏறினார். வண்டி உறுமியது. நெஞ்சு படபடத்தது. இந்தப் படபடப்பு பயமா, தைராய்டா? அதுதான் ஒரு வருஷமாக அவளுக்குப் பிடிபடவே இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சு ஓடும், விரல் நடுங்கும், வேர்த்து ஊற்றும், ராத்திரி தூக்கம் கிடையாது, ஆள் பாதியாக இளைத்துவிட்டாள். ஏட்டி, என்னத்த நினைச்சு இப்படிப் பயந்து சாகுத என்று அவள் புருஷன் ஆதிமூலம் கேட்பான். ஒன்றையும் நினைக்காமலே பயப்படுகிற சீக்கு என்று ஒன்று உண்டு என அப்போது யாருக்குத் தெரியும்? முதலில் வேறு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், உடம்பெல்லாம் தடித்துப்போயிற்று. அதற்குப் பிறகுதான் இந்த அயோடின். இப்போது சீக்குக்குப் படபடக்கிறதா, மருந்துக்குப் படபடக்கிறதா, ரெண்டையும் நினைத்துப் படபடக்கிறதா, அதை எந்த இடுக்கியால் பிரித்து எடுப்பது? ரெஜினா அதற்கும் பதில் வைத்திருந்தாள். நிறையத் தண்ணி குடிங்க, நிறைய மூத்திரம் போங்க, அதுல பாதி வெளியேறிரும். சொல்லிவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் போய்ப் பார்த்தால் தெரியும் அவளுக்கு. கக்கூஸில் ஒரு வாளி, ஒரு ஓட்டைக் கப்பு. இவள் ஒரு வாளி ஊற்றி, மனசு ஆறாமல் இன்னொரு வாளி ஊற்றி, மூன்றாவது வாளிக்குக் குழாயைத் திறந்தபோது வாசலில் உட்கார்ந்திருந்த அம்மா, "ஏளா, உள்ள என்ன வீட்டையா கழுவுத?" என்று கத்தினாள். அதற்குப் பயந்து வண்டியேறினபிறகு ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. குடிக்காவிட்டால் அது உள்ளேயே கிடக்கும். குடித்தால் வீரவநல்லூர் போய்ச் சேருகிறவரை அடக்க முடியாது. குடிக்கவா வேண்டாமா என்று பாட்டிலைப் பார்ப்பதும் பையைத் தொடுவதுமாக வண்டி ஊரைத் தாண்டிவிட்டது.

காற்று முகத்தில் அடித்தது. ஆடிக் காற்று. போன மாசம் இந்நேரம் மகிழன் அவள் பக்கம் வரமாட்டான். அதற்கும் இந்த மருந்துதான் காரணம். அதற்கு முன்னால் ராத்திரியில் ஒரு தடவையாவது பால் குடிக்காமல் தூங்கமாட்டான், பெரிய பிள்ளையாகிவிட்டான், ஊர் சிரிக்கிறது என்று மைனி சொன்னாலும் இவள் விடவில்லை. இந்த மருந்து பாலில் ஏறும், ஆறு வாரத்துக்கு முன்னாலேயே பாலை நிறுத்தணும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எப்படி நிறுத்துவது? எல்லாரும் செய்வதைத்தான் செய்தாள். வேப்பங்கொழுந்தை மைபோல அரைத்து மாரில் தடவிக்கொண்டாள். பிள்ளை ஆசையாக வந்து வாய் வைத்தான். முகம் கோணிப்போயிற்று. துப்பினான். அழக்கூட இல்லை, பாவி மகன், அவளை நிமிர்ந்து பார்த்தான் ஒரு பார்வை. "அம்மா கசக்கு" என்றான். பால் என்று சொல்லவில்லை, அம்மா என்று சொன்னான். அன்றையிலிருந்து அவள் பிசைந்து கொடுத்த சோற்றை வாங்கமாட்டான். தூக்க வந்தால் மைனியின் சேலைக்குள் போய் ஒளிந்துகொள்வான். மைனி என்றால் ஆதிமூலத்தின் அக்கா, பேச்சியம்மா, பிள்ளை இல்லாதவள், அவளுக்கு உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்திருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். வடிவு பிள்ளை காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னாள், இப்பம் கசக்காதுய்யா, கழுவிட்டேன், இனிமே அம்மா ஒருநாளும் கசக்கமாட்டேன், சத்தியமா. போன வாரம்தான், மத்தியானத் தூக்கத்தில் பாதியில் எழுந்து, தானாகவே நடந்து வந்து, அவள் கையை எடுத்து முகர்ந்து பார்த்தான். அப்புறம் தோளில் தலையைச் சாய்த்தான். அவள் மூச்சுகூட விடவில்லை. அந்தப் பிள்ளையிடம் போய் இன்றைக்கு என்ன சொல்லப் போகிறாள்? தள்ளிப் போ என்றா? இன்னொரு தடவை தள்ளினால் அவன் திரும்பி வருவானா? கதிர் மூன்று வாரத்தில் குறையும். இது குறையுமா?

மகிழன் வரவே கூடாது. காலையில் ஆதிமூலத்திடம் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள், பிள்ளையை பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிவராதிங்க, நான் பின்வாசல் வழியா மச்சு ரூமுக்குப் போயிருதேன் என்று. அவன் தறிக்காரன், நெசவைத் தவிர எதைச் சொன்னாலும் சரி சரி என்பான். போன தடவை ஆஸ்பத்திரியில் ரெஜினா சொன்னதை அவனிடம் சொல்லும்போது தறியை வைத்துத்தான் சொன்னாள். கதிர் பட்டா ஒடம்புக்குள்ள இருக்க இழை அறுந்துபோகுமாம். கொஞ்சமா அறுந்தா ஒடம்பே பிணைச்சுக்கிடுமாம், நீங்க தறியில பிணைக்கீங்கள்ல அதுமாதிரி. எக்கச்சக்கமா அறுந்தாத்தான் துணியே போயிரும், தோல் வேகும், முடி கொட்டும், ரெத்தம் கெட்டுப்போகும். நம்மளது அந்த அளவு இல்லையாம். ஆனா சின்னப் புள்ளைகளுக்கு ஒடம்பு வேகமா நெய்யுதாம், அதனாலதான் சாக்கிரதை. ஆதிமூலம் அப்போதுதான் தலையை நிமிர்த்தினான். "அவசரத்துல தப்பாப் பிணைச்சா?" என்று கேட்டான். "தப்பான முடிச்சு அப்பமே தெரியாதே. நாலு முழம் நெய்தபிறகுல்ல துணியில தெரியும்." கேட்டுவிட்டு அவன் பாட்டுக்குத் தறி நாடாவைத் தள்ள ஆரம்பித்துவிட்டான். அவள்தான் அதைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள், நாலு முழம் கழித்து, நாலு முழம் கழித்து என்று. ரெஜினாவிடம் இதையும் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் அவள் மறுபடி அவளுடைய ஊர்க் கடற்கரையைச் சொல்வாள். எங்க ஊரு மண்ணுலயே கதிர் இருக்குக்கா, பொறந்ததுல இருந்து அதுல நடந்தவதான் நான். மண்ணுல இருந்து, ஆகாசத்துல இருந்து, எல்லாருக்கும் தினமும் கொஞ்சம் வருது. அளவுதான் கணக்கு. அளவு! எவ்வளவு? ஒரு கை நீளமா, ஒரு பஸ் ஸ்டாப்பா, ஒரு முத்தமா?

பத்தமடையில் வண்டி நின்றதும் ஒரு கூட்டம் ஏறியது. எந்த ஊரிலோ அம்மன் கோயில் கொடை போலிருக்கிறது, மஞ்சள் சேலையும் பால்குடமும் வேப்பங்குழையுமாக அடித்துப் பிடித்து ஏறினார்கள். வடிவு பையைக் கையால் அழுத்திக்கொண்டாள். கண்டக்டர் அங்கிருந்தே, "பையெல்லாம் டிக்கெட் எடுத்திருக்காம்மா? தூக்கி மடியில வையி" என்றார். ஆள் வருது என்று சொல்லலாமா, எந்த ஆள், ஓடுகிற பஸ்ஸில் எங்கிருந்து வரும்? அவள் வாயைத் திறப்பதற்குள் பை அவள் மடிக்கு வந்துவிட்டது, மடியிலிருந்து காலடிக்குப் போய்விட்டது, பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்துவிட்டாள். மஞ்சள் சேலை, சின்ன வயசு, இடுப்பில் கைப்பிள்ளை, கக்கத்தில் கட்டு வேப்பங்குழை. வடிவு சன்னல் கம்பியோடு கம்பியாக ஒட்டிக்கொண்டாள். எழுந்து நின்றுவிடலாம். எழுந்தால் நிற்கிறவர்களுக்கு நடுவில், இன்னும் நாலு பேர் மேல் இடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அதில் எவள் மாசமாக இருக்கிறாளோ. உட்கார்ந்தே இருக்கலாம். சேர்மாதேவி வந்தால் இந்தப் பிள்ளைக்காரி இறங்கிவிடுவாளாயிருக்கும். ஒரு கை நீளம் எங்கே, ஒரு விரல் நீளம் இல்லை. நம்மூர் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறவர் மடி பொதுச்சொத்து என்பது உங்களுக்குத் தெரியும். பை வரும், குடம் வரும், டிபன் கேரியர் வரும், பிள்ளையும் வரும். கேட்டுவிட்டுக் கொடுக்கிறவர்களும் இல்லை, வேண்டாம் என்கிறவர்களும் இல்லை. "ஒரு நிமிசம் புடிச்சிக்கிடுங்கக்கா, இந்தக் குழையக் கீழ தள்ளிட்டு வாங்கிக்கிடுதேன்" என்று சொன்னபோது பிள்ளை ஏற்கெனவே வடிவு மடியில் இருந்தது.

என்ன கனம், என்ன சூடு. தலை நிற்கத் தொடங்கி ரொம்ப நாள் ஆகியிருக்காது. பால் வாடை. பிள்ளையைக் கண்டால் கை தானாகப் பிடிக்கும், அதை என்ன செய்ய முடியும், பிடித்துவிட்டது. பிடித்தபிறகுதான் அவளுக்கு மாத்திரை ஞாபகம் வந்தது. கொடு, கொடுத்துவிடு, யாரிடம் கொடுப்பது, அவள் குனிந்து சீட்டுக்கடியில் குழையைத் திணித்துக்கொண்டிருக்கிறாள், அந்தக் கட்டு போவேனா என்கிறது. கையை நீட்டிப் பிடி, தள்ளிப் பிடி, ஒரு கை நீளம். நீட்டினால் முன்சீட்டுக் கம்பி. பிள்ளை சும்மா இருக்கிறதா, தாலிக்கயிற்றை எட்டிப் பிடித்து, அதிலேயே தொத்தி ஏறி, தலையைக் கொண்டுபோய் அவள் கழுத்தில், சரியாக அந்தச் சுரப்பி இருக்கிற இடத்தில் புதைத்துக்கொண்டது. ஐயோ அங்க வேண்டாம், தாயே, அங்கதான் இருக்கு, அங்கதான் எரிஞ்சுகிட்டிருக்கு. இழை அறுகிறதா? இப்போதா, இப்போதா? சத்தம் கேட்காது, சூடு தெரியாது, ஒன்றும் தெரியாது, அதுதானே இதில் கொடுமை, நெருப்பு என்றால் பிள்ளையே கையை எடுத்துக்கொள்ளும். சொல்லிவிடு. எனக்குள்ள அணுக்கதிர் இருக்கு, பிள்ளையை எடும்மா. சொன்னால்? பஸ் நிற்கும். இவளை நடுரோட்டில் இறக்கிவிடுவார்கள், பேப்பர்காரன் வருவான், வீரவநல்லூரில் ஆதிமூலம் நெய்த சேலையை எவளும் தொடமாட்டாள். அதற்காக ஒரு கைப்பிள்ளையை வைத்துக்கொண்டா உட்கார்ந்திருப்பாய், கோட்டிக்காரி? பிள்ளை அவள் கழுத்தில் எச்சில் வடித்து, என்னவோ ராகம் இழுத்தது. மகிழன் இப்படித்தான் இழுப்பான். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவள் கண்ணை மூடிக் கன்னத்தை அந்தத் தலையில் வைத்துவிட்டாள். அப்புறம் தொண்டை கிழியக் கத்தினாள். "பிள்ளைய எடு! எடும்மா! எனக்கு அம்மை போட்டிருக்கு!"

அந்த வார்த்தை எங்கிருந்து வந்ததோ. சத்தியமாக அவள் யோசிக்கவில்லை. மஞ்சள் சேலைக்காரி பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஏசப் போகிறாள் என்று வடிவு தலையைக் குனிந்துகொண்டாள். ஏசவில்லை. பிள்ளையை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு, ரெண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். "ஆத்தா வந்திருக்காளா? தெரியாம உக்காந்துட்டேன் தாயி, கொடைக்குப் போற வழியில நீயே வந்து உக்காந்திருக்க, எனக்குத் தெரியலியே" என்றாள். கண்டக்டர் மட்டும், "அம்மையோட பஸ்ஸுல ஏறலாமாம்மா?" என்று இழுத்தார். "ஏறாதன்னு ஆத்தாட்ட போய்ச் சொல்லு, வெளங்கிருவ" என்று நாலு பேர் அவர்மேல் பாய்ந்தார்கள். அவர் டிக்கெட் பையைச் சரிசெய்துகொண்டு முன்பக்கம் போய்விட்டார். நெருக்கியடித்துக்கொண்டு நின்ற கூட்டம் எப்படித்தான் ஒதுங்கியதோ, அவளைச் சுற்றி முன்னும் பின்னும் சீட்டுகள் காலியாயின. ஒரு கை நீளம் கேட்டாள், ரெண்டு ஆள் நீளம் கிடைத்தது. மஞ்சள் சேலைக்காரி கட்டிலிருந்து ஒரு வேப்பங்குழையை ஒடித்து, கையை முழுசாக நீட்டி அவள் மடியில் போட்டாள். "வச்சிக்கிடு தாயி. காத்துக்கு நல்லது." வடிவு அதைப் பிடித்துக்கொண்டாள். விரல் நடுங்க இலையும் நடுங்கியது. அதைப் பார்த்து ஒரு பெரியம்மா கும்பிட்டாள்.

நாக்கு அழுகிப்போகும். ஆடி மாசத்தில், கொடைக்குப் போகிறவர்கள் நடுவில், இல்லாத அம்மையைச் சொல்லிவிட்டாளே. ஆத்தா, கோவிச்சுக்காத, பிள்ளைக்காகத்தான் சொன்னேன், உனக்குத் தெரியாததா. அந்தப் பிள்ளை எவ்வளவு நேரம் மடியில் இருந்தது? பத்தமடைக் கடைசி வீடு தாண்டி, அந்தப் பெரிய மருதமரம் வருகிறவரை. அது கொஞ்ச நேரமா, ரொம்ப நேரமா? தெரியாம ஒரு தடவை தொட்டுட்டா ஒண்ணும் ஆகாதுக்கா, தினம் தினம் மணிக்கணக்கா வச்சிருந்தாத்தான் கணக்கு என்று ரெஜினா சொன்னாள். சொன்னாளா, இல்லை அப்படிச் சொன்னதாக இவளே இப்போது சொல்லிக்கொள்கிறாளா? சொன்னாள். சத்தியமாகச் சொன்னாள். போன் போட்டுக் கேட்டுவிடலாம். போனைக் கையில் எடுத்தாள். அம்மை போட்டவள் எல்லார் முன்னாலும் கதிர் கிதிர் என்று பேசினால்? உள்ளே வைத்துவிட்டாள். அந்தப் பிள்ளை இப்போது அங்கே அதன் அம்மா தோளில் தூங்கிவிட்டது. பெண்ணா, ஆணா? அதுகூடப் பார்க்கவில்லை. தூங்குவது நல்லதற்கா? பிள்ளைகள் தூங்காதா, கோட்டி, பஸ் ஆட்டத்தில் பிள்ளைகள் தூங்கும். சேர்மாதேவியில் அவர்கள் இறங்கினார்கள். இறங்குகிறபோது மஞ்சள் சேலைக்காரி பிள்ளையின் கையை எடுத்து வடிவைப் பார்த்துக் கும்பிடவைத்தாள். வடிவு வேப்பங்குழையால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதாள். பயமா, தைராய்டா என்று இந்தத் தடவை அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. அந்தப் பிள்ளை நல்லா இருக்கணும். நாலு முழம் இல்லை, நாற்பது முழத்துக்கும் அதன் துணி நல்லபடியாக ஓடணும்.

போன் அடித்தது. ஆதிமூலம். "வடிவு, எங்கன வாற?" பக்கத்தில வந்துட்டேன், பிள்ள எங்க? "அவன் அக்காகூட இருக்கான். காலையில இருந்து அம்மா எங்க அம்மா எங்கன்னு ஒரே பாட்டு." கேட்கிறானா? என்னையா கேட்கிறான்? ஆறு வாரமாகக் கேட்காத பிள்ளை இன்றைக்குத்தானா கேட்க வேண்டும்! "கூட்டிட்டு வந்துராதிங்க, கேட்டியளா, பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிட்டு வந்துராதிங்க." சரி சரி என்றான். வைத்துவிட்டான். சரி சரி என்றால் அவனுக்குக் காதில் விழவில்லை என்று அர்த்தம். வந்துவிட்டால் என்ன சொல்வது? அம்மாவுக்குக் காய்ச்சல்ய்யா. காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட வருவான். அம்மா மேலெல்லாம் அழுக்கு. அழுக்கு அவனுக்குச் சர்க்கரை. அம்மா குளிச்சிட்டு வாறேன். மூன்று வாரமா குளிப்பாள்? அப்புறம் அந்த ஒரு வார்த்தை இருக்கிறது, அதைச் சொன்னால் நிற்பான், அதை மட்டும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணியிருக்கிறாள். அதைத் தவிர எது வேண்டுமானாலும் சொல்லலாம். தமிழில் அவ்வளவு வார்த்தை இருக்கிறதே, ஒன்று அகப்படாதா? வீரவநல்லூர் வந்துவிட்டது.

இறங்கித் திரும்பினால் டீக்கடைத் திண்டுக்குப் பக்கத்தில் மைனி நிற்கிறாள், இடுப்பில் மகிழன். "அழுது ஏங்கிப்போனான்ட்டி, என்ன செய்யச் சொல்லுத? தூரத்துல நின்னு காட்டிட்டுப் போயிரலாம்னு..." மைனி சொல்லி முடிக்கவில்லை. பிள்ளை ரெண்டு கையையும் விரித்துவிட்டான். "அம்மா!" வழுக்கி இறங்கினான், மைனி பிடிப்பதற்குள் ஓடி வந்தான். ஆறு வாரமாக அவள் கேட்டுக் கேட்டு ஏங்கின ஓட்டம். அவளுக்குக் கால் பின்னால் போகிறது, பின்னால் பஸ். யோசித்து வைத்த காய்ச்சலும் காணவில்லை, அழுக்கும் காணவில்லை. வராத என்று கையைத் தூக்கினாள்.

தூக்கின கையில் வேப்பங்குழை இருந்தது.

மகிழன் நின்றுவிட்டான். குழையைப் பார்த்தான். அவள் மாரைப் பார்த்தான். கை ரெண்டும் மெல்ல இறங்கின.

"கசக்குமா?" என்று கேட்டான்.

இல்லை என்று சொன்னால் வந்துவிடுவான். பஸ் கிளம்பிப் போயிற்று, முதுகுக்குப் பின்னால் வெறும் ரோடு. "ஆமாய்யா" என்றாள். "கசக்கும்."

அழுவான், இல்லையென்றால் மைனியிடம் ஓடிவிடுவான் என்று பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் ரெண்டும் செய்யவில்லை. பிறகு மூடியிருந்த இடது கையை விரித்தான். உள்ளங்கையில் கடலை மிட்டாய், கடித்த பாதி, எச்சிலும் வெல்லமுமாகப் பிசுபிசுத்துப்போயிருந்தது. டீக்கடைத் திண்டில் அதை வைத்தான். வைத்துவிட்டு அத்தைக்காரியின் சேலையைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றான்.

"தின்னு" என்றான். "கசக்காது."

எச்சில் அவனிடமிருந்து அவளுக்கு வரலாம். அவளிடமிருந்து அவனுக்குத்தான் போகக் கூடாது. வடிவு குழையைக் கீழே போட்டாள். திண்டிலிருந்து அதை எடுத்து, தூசியோடு, பிள்ளை எச்சிலோடு வாயில் போட்டுக்கொண்டாள். அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான், முழுங்குகிறவரை.

"இன்னும் கசக்குதாம்மா?"

"பாதிதான்ய்யா" என்றாள்.